தயிர் போன்ற வெண்மையான வீழ்படிவு

காலை ஏழு மணி நாற்பது நிமிடம். வேதியியல் ஆய்வகத்தின் பின்புறம், பாசி படிந்த சிமெண்டுத் தொட்டிக்குள், குழாயின் கீழே ஒரு வெள்ளை பிளாஸ்டிக் கேன் நின்றது. அன்று பள்ளிக்குள் நுழைந்ததும் நான் முதலில் பார்த்தது அதைத்தான். கேனில் ஒட்டியிருந்த காகிதத்தில் சிவப்பு மசியில் 'வாலைவடிநீர்' என்று எழுதியிருந்தது.

குழாய் திறந்திருந்தது. கேன் பாதிக்கு மேல் நிரம்பியிருந்தது.

நேரத்தை உறுதியாகச் சொல்ல முடிகிறது. பிளஸ் டூ செய்முறைத் தேர்வுக்காக அப்பாவின் கைக்கடிகாரத்தை இரண்டாம் துளையில் மாட்டிக் கட்டியிருந்தேன். எங்கள் ஊர் எரியோட்டிலிருந்து திண்டுக்கல்லுக்கு வரும் முதல் பஸ் அன்று சீக்கிரமே வந்துவிட்டது. அடுத்த பஸ்ஸை நம்ப முடியாது. தேர்வு ஒன்பதரைக்கு.

ஆய்வக உதவியாளர் சவரிமுத்து கேனைத் தூக்கி மூடியைத் திருகினார். நாங்கள் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவோம். நான் பார்ப்பதைப் பார்த்தார்.

"பேட்டரிக் கடைக்காரன் இன்னும் கடையே தெறக்கல பாப்பா. விடு, யாரு இத ஊத்தப் போறீக? எழுதத்தான போறீக."

சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் சொன்னது சரி என்றுதான் எனக்கும் பட்டது.

பேட்டரிக் கடைத் தண்ணீர்

வாலைவடிநீர் என்ற சொல்லைப் பாடப்புத்தகத்துக்கு வெளியே யாரும் சொல்லிக் கேட்டதில்லை. காய்ச்சி வடித்து உப்பெல்லாம் நீக்கிய அந்தத் தண்ணீருக்குத் திண்டுக்கல்லில் பேட்டரித் தண்ணீர் என்று பெயர். லாரி பேட்டரிகளுக்கு ஊற்றுவதற்காகக் கடைகளில் ஐந்து லிட்டர் கேனில் விற்பார்கள். எங்கள் ஆய்வகத்துக்கும் அங்கிருந்துதான் வந்தது, வருடத்துக்கு இரண்டு கேன்.

பள்ளிக் குழாயில் வந்தது போர்வெல் தண்ணீர். அதில் முகம் கழுவினால் காய்ந்ததும் தோல் இழுக்கும். எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி வைத்தால் மறுநாள் உள்பக்கம் வெள்ளை வளையம் இருக்கும். குடிக்க நாங்கள் எல்லோரும் வீட்டிலிருந்து பாட்டிலில் கொண்டுபோனோம். அந்தத் தண்ணீரில் என்ன இருக்கிறது என்று எங்களுக்குப் பெயர் தெரியாது. உப்புத் தண்ணீர் என்போம். அவ்வளவுதான்.

காண்பன, அறிவன

அந்த வருடம் எங்கள் பள்ளியில் வேதியியலுக்கு ஆசிரியர் இல்லை. இருந்தவர் ஜூன் மாதம் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். சில மாதங்கள் விலங்கியல் டீச்சர் புத்தகத்தை வரிவரியாக வாசித்தார். சமன்பாடு வரும் இடங்களில் "இத அப்படியே எழுதிக்கங்க" என்பார். தீபாவளிக்குப் பிறகு பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் சார்பில் தனலட்சுமி டீச்சர் தற்காலிகமாக வந்தார். அவர் கையில் மூன்று மாதம் இருந்தது. பாடம் நடத்த ஒன்பது மாதம் வேண்டும்.

ஆய்வகம் பொங்கல் விடுமுறைக்குப் பிறகுதான் திறந்தது. கதவைத் திறந்ததும் அழுகிய முட்டை நாற்றமும் எலிப்புழுக்கை நாற்றமும் சேர்ந்து வந்தன. பியூரெட்டுகளில் பாதிக்கு அடைப்பான் சுற்றவில்லை. சோதனைக் குழாய்களைக் கழுவியே முதல் நாள் போனது.

செய்முறைப் பதிவேட்டில் மூன்று பத்திகள். சோதனை, காண்பன, அறிவன. ஆய்வகம் திறப்பதற்கு முன்பே நாங்கள் மூன்றையும் நிரப்பி முடித்திருந்தோம், முந்தைய ஆண்டு அக்கா ஒருத்தியின் பதிவேட்டைப் பார்த்து. காண்பன என்ற பத்தியை வீட்டில் சோறு தின்ற கையோடு உட்கார்ந்து எழுதினேன். பழுப்பு நிறப் புகை. பச்சை நிறச் சுடர். தயிர் போன்ற வெண்மையான வீழ்படிவு. ஒன்றையும் கண்டதில்லை.

தேர்வில் ஆளுக்கு ஒரு பொட்டலம் உப்பு தருவார்கள். என்ன உப்பு என்று கண்டுபிடித்து எழுத வேண்டும். நடைமுறை வேறு. சவரிமுத்து அண்ணன் பொட்டலங்களை ஒரு வரிசையில் அடுக்குவார். அந்த வரிசை முதல் நாளே எங்களுக்கு வந்துவிடும். பதிவெண்ணின் கடைசி இலக்கத்தைப் பார்த்து அவரவர் உப்பை மனப்பாடம் செய்துகொண்டு போக வேண்டியதுதான். யாரும் இதைக் குற்றமாக நினைக்கவில்லை. ஆசிரியர் இல்லாத பள்ளியில் பிள்ளைகளை வேறு எப்படிக் கரையேற்றுவது என்று தனலட்சுமி டீச்சரே ஒருமுறை கேட்டார், எங்களிடம் அல்ல, ஜன்னலைப் பார்த்து.

இருமல் மருந்து பாட்டில்

என் மேசையில் பக்கத்து இடம் பாண்டீஸ்வரிக்கு. ஊருக்குத் தெற்கே ஏழெட்டு கிலோமீட்டரில் அவள் கிராமம். அப்பா விவசாயி. இரண்டு ஏக்கர், ஒரு கிணறு, இரண்டு மாடு. அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது கனகாம்பரம் போட்டிருந்தார்களாம். பிறகு பூ வரவில்லை. தக்காளி வரவில்லை. கடைசியில் சோளத்தட்டை மட்டும் வந்தது, அதுவும் முழங்கால் உயரம்.

அவர்கள் ஊருக்கு மேட்டில் தோல் ஷாப்புகள் இருந்தன. தோல் பதனிடும் ஆலைகளை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். பச்சைத் தோல் கெடாமல் இருக்க உப்பு போட்டு அடுக்குவார்கள். அந்த உப்பைக் கழுவிய தண்ணீர் ஓடையில் இறங்கும். ஓடையிலிருந்து கிணற்றுக்கு.

ஜனவரி கடைசியில் ஒருநாள் அவள் பைக்குள்ளிருந்து இருமல் மருந்து பாட்டில் ஒன்றை எடுத்தாள். உள்ளே கிணற்றுத் தண்ணீர். பார்க்கத் தெளிவாகத்தான் இருந்தது. சோதனைக் குழாயில் கொஞ்சம் ஊற்றி, நைட்ரிக் அமிலம் இரண்டு சொட்டு விட்டாள். பிறகு பழுப்பு நிறச் சீசாவிலிருந்து சில்வர் நைட்ரேட். சொட்டு விழுந்த இடத்திலேயே வெள்ளையாகத் திரண்டு, திப்பி திப்பியாக அடியில் இறங்கியது.

புத்தகத்தில் எழுதியிருந்தது அப்படியே கண்முன்னால் நடந்து நான் பார்த்தது அன்றுதான் முதல்முறை.

"குளோரைடு," என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் வருத்தம் இல்லை. ஒரு ஆளைத் தேடிப் பிடித்ததுபோல இருந்தாள்.

தனலட்சுமி டீச்சர் வந்து பார்த்தார். சில்வர் நைட்ரேட் இருப்பதே ஒரு சீசா, அதைக் கிணற்றுத் தண்ணீரில் விட்டு விளையாடாதே என்று திட்டினார். குழாயைக் கழுவி வைக்கச் சொன்னார்.

பாண்டீஸ்வரி கால்நடை மருத்துவம் படிக்க விரும்பினாள். விரும்பினாள் என்பது குறைவான சொல். வேறு எதுவும் அவள் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. முந்தைய வருடம் அவர்கள் வீட்டில் ஒரு மாடு நிறைசினையில் கன்று வீசிச் செத்தது. அதற்கு முந்தைய வருடமும் ஒன்று. ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது சொன்னாள்:

"டாக்டர்னு போர்டு மாட்டணும்னெல்லாம் இல்லடீ. அந்தத் தண்ணியக் குடிச்சா மாட்டுக்கு உள்ள என்ன ஆகுதுன்னு யாராச்சும் எனக்குச் சொல்லணும். ஒருத்தருக்கும் தெரியல. அப்ப நாந்தான் படிக்கணும்."

கால்நடை மருத்துவத்துக்கு உயிரியல், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்களைச் சேர்த்து இருநூறுக்குக் கணக்குப் போடுவார்கள். வேதியியலில் நான்கு மதிப்பெண் போனால் அந்தக் கணக்கில் ஒன்று போகும். அவளுடைய ரஃப் நோட்டின் கடைசிப் பக்கம் முழுக்க இந்தக் கூட்டல்தான். திருப்புதல் தேர்வுகளில் வாங்கியதை வைத்துப் பார்த்தால் இடம் கிடைக்கும். நூலிழையில் கிடைக்கும்.

தட்டு மாறிய நாள்

எங்களுக்கு முதல் நாள் தேர்வெழுதிய அணியில் ஒரு சங்கடம் நடந்தது. வெளித் தேர்வாளர் பழனிப் பக்கத்துப் பள்ளி ஒன்றிலிருந்து வந்தவர். ஐம்பது வயது இருக்கும், சாந்தமான மனிதர். உப்புப் பொட்டலம் இருந்த தட்டுகளில் இரண்டை அவர் இடம் மாற்றி வைத்துவிட்டார். வேண்டுமென்று செய்தாரா, டீ வைக்க இடம் பார்த்தாரா, தெரியவில்லை. மூன்று பெண்கள் மனப்பாடம் செய்து வந்ததை எழுதிவிட்டு, வெளியே வந்து விஷயம் தெரிந்து அழுதார்கள்.

அன்று மாலையே செய்தி எங்கள் அணிக்கு வந்தது. பாண்டீஸ்வரி பஸ் நிலையத்தில் என்னிடம் சொன்னாள், தன் பொட்டலம் மக்னீசியம் சல்பேட் என்று சொல்லியிருக்கிறார்கள், ஆனாலும் ஒருமுறை செய்து பார்த்துவிட்டுத்தான் எழுதுவேன் என்று. புத்திசாலித்தனமான முடிவு. இப்போது யோசித்தாலும் அதில் குறை காண முடியவில்லை.

எனக்கும் அதே உப்புதான் என்று சொல்லியிருந்தார்கள். நான் செய்து பார்ப்பதாக இல்லை. செய்யத் தெரியாது.

பத்து ஐம்பது

தேர்வு அறையில் பதினாறு பேர். நீலப் பாவாடை, வெள்ளைத் தாவணி. சன்னல் கம்பிகளின் நிழல் மேசை மேல் விழுந்திருந்தது. வெள்ளை கேன் நடு மேசையில் இருந்தது, சிவப்பு எழுத்து எங்களைப் பார்த்தபடி.

"ஏம்மா, சத்தமில்லாம செய்யோணும். கண்ணாடிச் சாமானம், பாத்துங்க," என்றார் வெளித் தேர்வாளர். பிறகு நாற்காலியில் அமர்ந்து எங்கள் பதிவேடுகளைப் புரட்டத் தொடங்கினார்.

நான் எழுதினேன். மக்னீசியம் சல்பேட்டுக்கு உண்டான முழுப் பட்டியலும் எனக்குத் தலைகீழாகத் தெரியும். நடுநடுவே வெறும் சோதனைக் குழாயைச் சுடரில் காட்டி ஆட்டினேன்.

பாண்டீஸ்வரி எழுந்து போய் கேனிலிருந்து தண்ணீர் பிடித்து வந்தாள். உப்பைக் கரைத்தாள். நைட்ரிக் அமிலம். சில்வர் நைட்ரேட்.

குழாய்க்குள் வெள்ளையாகத் திரண்டது.

அவள் அதைச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். இன்னொரு குழாயில் மறுபடியும் செய்தாள். மறுபடியும் திரண்டது. அம்மோனியா விட்டுப் பார்த்தாள், கரைந்தது. புத்தகம் கேட்டபடியெல்லாம் அது நடந்துகொண்டது. கரைக்காத உப்பில் அடர் கந்தக அமிலம் விட்டபோது மட்டும், குளோரைடுக்கு வர வேண்டிய புகை வரவில்லையாம். பழைய அமிலம், வீரியம் போயிருக்கும் என்று நினைத்ததாகப் பிற்பாடு சொன்னாள். எங்கள் ஆய்வகத்தில் அப்படி நினைக்க எல்லா நியாயமும் இருந்தது.

நேற்றுப் போல இன்றும் தட்டு மாறிவிட்டது என்று முடிவு செய்தாள். பட்டியலில் குளோரைடுக்குப் பிறகுதான் சல்பேட் வரும். ஒன்று கிடைத்துவிட்டால் மற்றதைச் சோதிக்க வேண்டியதில்லை என்றுதான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பேனாவை எடுத்தாள். அவள் எழுதிய முதல் எழுத்து என் இடத்திலிருந்து தெரிந்தது. 'கு'.

கடிகாரம் பத்து ஐம்பது காட்டியது. தேர்வு முடிய இன்னும் நேரம் இருந்தது. வெளித் தேர்வாளர் டீ குடித்துக்கொண்டிருந்தார். தனலட்சுமி டீச்சர் வராந்தாவில் இருந்தார். எங்களுக்கு நடுவே இருந்த தூரம் ஒரு முழம்.

எனக்கு அப்போது எதுவும் தோன்றவில்லை என்று சில வருடங்கள் மற்றவர்களிடம் சொல்லியிருக்கிறேன். தோன்றியது. குழாயடியில் நின்ற கேன் ஞாபகம் வந்தது. பேசினால் பிடிபடுவோம், பிடிபட்டால் இரண்டு பேர் தாளும் போகும் என்பதும் கூடவே வந்தது. என் விடையின் கீழே அடிக்கோல் வைத்து இரண்டு கோடு போட்டேன்.

வெளியே வந்ததும் கேட்டாள், "ஒனக்கு என்ன எழுதின?"

"சல்பேட்."

"எனக்குக் குளோரைடு வந்துச்சுடீ. ரெண்டு தடவ. நல்லா தயிராட்டம்." என்னைப் பார்த்து வருத்தப்பட்டாள். "நீயும் செத்த நேரம் ஒதுக்கிச் செஞ்சு பாத்திருக்கலாம்."

மே மாதம்

மதிப்பெண் பட்டியலில் செய்முறைக்குத் தனியாக எண் இருந்தது. வகுப்பில் எல்லோருக்கும் ஐம்பது. முதல் நாள் அழுத மூன்று பேருக்கும் ஐம்பது. அவர்களுடையதை ஏதோ பேசிச் சரிசெய்திருந்தார்கள். பாண்டீஸ்வரிக்கு நாற்பத்து மூன்று. அவளுடைய ரஃப் நோட்டுக் கணக்கில் ஒன்றே முக்கால் போனது. அவளுக்காகப் பேச வேண்டும் என்று யாருக்கும் தெரிந்திருக்கவில்லை, அவளே சரியாகத்தான் எழுதியதாகச் சொல்லிக்கொண்டிருந்ததால்.

தனலட்சுமி டீச்சர் சம்பளப் பாக்கி விஷயமாகப் பள்ளிக்கு வந்திருந்தார். அவரிடம் போய் நின்றாள். எழுத்துத் தேர்வு என்றால் மறுகூட்டல் கேட்கலாம், செய்முறைக்கு அது கிடையாது என்றார் டீச்சர்.

"நான் கண்ணால பாத்தேன் டீச்சர்."

"பாத்தத யாரு எழுதச் சொன்னா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. களைப்பாகச் சொன்னார். பிறகு அவள் தோளில் கையை வைத்தார், எடுத்துக்கொண்டார்.

சைக்கிள் நிறுத்துமிடத்தில் வைத்து நான் அவளிடம் கேன் விஷயத்தைச் சொன்னேன். முழுவதும் கேட்டாள்.

"எப்பப் பாத்த?"

"காலையில. ஏழே முக்கால் இருக்கும்."

"பரீட்சைக்கு முன்னாடியே."

"ம்."

"நீ அந்தத் தண்ணிய ஊத்தலையா?"

"நான் எதையுமே ஊத்தல."

அதன்பிறகு அவள் என்னை எதுவும் கேட்கவில்லை. அவள் திட்டியிருந்தால் நான் இதை இவ்வளவு காலம் கழித்து எழுத வேண்டி வந்திருக்காது.

ஒரு வரி

நான்கைந்து நாள் கழித்து அவளும் அவள் அப்பாவும் எரியோட்டுக்கு எங்கள் வீடு தேடி வந்தார்கள். அவர் வெள்ளை வேட்டியும் கிளிப்பச்சைத் துண்டும் போட்டிருந்தார். கையில் ஒரு மனு, யாரோ எழுதிக் கொடுத்தது. மாவட்டக் கல்வி அதிகாரிக்கு. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"தாயி, நீ பாத்தத ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடு. அம்புட்டுப் போதும்," என்றார்.

என் அப்பா பஸ் கண்டக்டர். யாரிடமும் குரல் உயர்த்தாதவர். அவர்தான் பதில் சொன்னார்: "அண்ணே, எழுதிக் குடுத்தா அந்தாளு வேல போயிரும். அத விடுங்க. விசாரணைன்னு வந்தா எல்லாப் புள்ளைக மார்க்கையும் நிறுத்தி வைப்பாக. எம்புள்ள மார்க்கையும் சேத்து. அவளுக்கு அடுத்த வாரம் காலேசுல அட்மிசன்."

பாண்டீஸ்வரியின் அப்பா தலையை ஆட்டினார். அவருக்கு அது புரிந்தது. புரிந்ததுதான் பார்க்க முடியாமல் இருந்தது.

அம்மா மோர் கொண்டுவந்தார். பாண்டீஸ்வரியின் அப்பா ஒரே மூச்சில் குடித்துவிட்டு, டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கள் ஊர்த் தண்ணீர் நன்றாக இருப்பதாகச் சொன்னார்.

பாண்டீஸ்வரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான், "நாளைக்கு எழுதித் தாரேன்," என்றேன். வாசலில் செருப்பை மாட்டும்போது அவள் திரும்பிப் பார்த்து, "நேரத்தையும் போடு," என்றாள்.

மறுநாள் எழுதவில்லை. அதற்கடுத்த நாளும் எழுதவில்லை. அவர்கள் மறுபடி வரவில்லை. மனுவை என் கையெழுத்து இல்லாமலே கொடுத்திருந்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். குற்றச்சாட்டுக்கு ஆதாரம் இல்லை என்று ஒரு பக்கத்தில் பதில் வந்ததாம். சவரிமுத்து அண்ணன் அதே ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றார். எல்லாப் பெண்களுக்கும் நல்லவராகவே இருந்தார்.

ஜூலையில் கால்நடை மருத்துவக் கலந்தாய்வு நடந்தது. அவளுடைய பிரிவில் கடைசி இடம், அவளைவிட அரை மதிப்பெண் கூடுதலாக வைத்திருந்த ஒரு பையனுக்குப் போனது.